88 என்று வந்த அறிக்கை: இதயம் நின்று மீண்டவரின் மூளைக் கணிப்பு – ஒரு நிகழ்வு ஆய்வு

இதைப் பகிர நோயாளியும் அவர் மனைவியும் சம்மதம் தந்திருக்கிறார்கள். பெயர், ஊர், மருத்துவமனை எதுவும் இங்கே இல்லை. இதயத் துடிப்பு நின்று மீண்டவர்களைக் கவனிக்கும் சிறுநகர ஐசியூக்களில் வேலை செய்யும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். அப்படி ஒருவருக்காக வெளியே காத்திருக்கும் குடும்பத்தாருக்கும் இது பயன்படலாம்.

பின்னணி

கொங்குப் பகுதியில் விசைத்தறி ஓட்டுபவர், வயது 46. பீடிப் பழக்கம் உண்டு. சர்க்கரை நோய் இருந்தது அவருக்கே தெரியாது. காலை ஆறே முக்கால் மணிக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் கையில் இருந்த டம்ளரோடு முன்னால் சரிந்தார். நெற்றி சிமென்ட் தரையில் மோதிப் பிளந்தது. வலிப்பு என்று நினைத்து ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். கல்லூரியில் முதலுதவி கற்றிருந்த ஒரு இளைஞர் மட்டும் குனிந்து பார்த்து, மூச்சு இல்லை என்று சொல்லி நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். அதற்குள் இரண்டு மூன்று நிமிடங்கள் போயிருந்தன.

108 ஆம்புலன்ஸ் வந்தபோது இதயம் வெறுமனே நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது மின்னதிர்ச்சியில் நாடி திரும்பியது. விழுந்ததிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய 20 நிமிடம். அந்த இருபதில் யாரும் கை வைக்காத நிமிடங்கள் இரண்டு மூன்றுதான் என்பது இந்த வழக்கில் மிக முக்கியமான தகவல். நெஞ்சை அழுத்தும்போது மூளைக்குக் கொஞ்சமாவது ரத்தம் போகிறது. அழுத்தாத நேரத்தில் எதுவும் போவதில்லை. இதை அந்த இளைஞரிடமே கேட்டு ஆம்புலன்ஸ் ஊழியர் எழுதி வைத்திருந்தார். பின்னால் வந்த எந்தப் பரிசோதனைக்கும் குறையாத மதிப்பு அந்தக் குறிப்புக்கு உண்டு.

முதல் நாள்

எங்களிடம் வந்தபோது சுவாசக் குழாய் போடப்பட்டிருந்தது. கண் திறக்கவில்லை. வலி கொடுத்தால் கைகள் விறைத்து நீண்டன. கண்பாவைகள் இரண்டும் வெளிச்சத்துக்குச் சுருங்கின, ஆனால் மெதுவாக. ஈசிஜி இதயத்தின் முன்சுவரில் பெரிய மாரடைப்பைக் காட்டியது.

உடனே ஆஞ்சியோவுக்கு எடுக்க வேண்டும். ஆனால் நெற்றியில் காயம். உள்ளே ரத்தக் கசிவு இருந்தால், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகள் அவரைக் கொன்றுவிடும். அதனால் போகும் வழியிலேயே சிடி ஸ்கேன். கசிவு இல்லை. மூளையின் சாம்பல் பகுதிக்கும் வெண்பகுதிக்கும் இடையிலான எல்லை தெளிவாக இருந்தது. அடைபட்ட ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைக்கப்பட்டது.

"ஸ்கேன் நார்மல்னு சொன்னாங்களே, அப்புறம் ஏனுங்க எந்திரிக்கல?" என்று அவருடைய அண்ணன் அன்று மதியம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆக்சிஜன் இல்லாமல் அடிபட்ட மூளை வீங்குவது சிடியில் தெரியப் பல மணி நேரம் ஆகும். முதல் இரண்டு மணி நேரத்தில் எடுத்த சிடி ரத்தக் கசிவு இல்லை என்பதை மட்டுமே சொல்லும். மூளை பிழைத்ததா என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்காது. இதை அவரிடம் அப்படியே சொன்னோம்.

உடல் வெப்பத்தை 33 டிகிரிக்கு இறக்கவில்லை. 2021இல் வெளியான டிடிஎம்-2 ஆய்வில், குளிர்விக்கப்பட்டவர்களுக்கும் காய்ச்சல் மட்டும் தடுக்கப்பட்டவர்களுக்கும் ஆறு மாதத்தில் இறப்பு விகிதத்தில் வேறுபாடு இல்லை. எனவே 37.8ஐத் தொடாமல் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். மயக்க மருந்தான மிடசோலமும் வலிநீக்கியான ஃபென்டனிலும் தொடர்ச்சியாக ஓடின. சிறுநீர் குறையத் தொடங்கியது. சிறுநீரகம் சுணங்கினால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் மறுநாள் காலை 2.6. இந்த எண்ணுக்கும் மூளைக்கும் தொடர்பில்லை என்று தோன்றும். ஆனால் மிடசோலம் உடைந்து உண்டாகும் பொருள் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் சுணங்கினால், மருந்தை நிறுத்தி இரண்டு மூன்று நாள் ஆன பிறகும் மயக்கம் தொடரலாம்.

இரண்டாம் நாள்: துள்ளல்கள்

மதியம் மயக்க மருந்துகளைக் குறைத்தபோது துள்ளல்கள் ஆரம்பித்தன. தோள், முகம், வயிறு திடீரென்று வெட்டி இழுத்தன. கண்ணாடி வழியாகப் பார்த்த மனைவி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இதயம் நின்ற பிறகு வரும் இந்த வெட்டுகளை ஐசியூவில் எல்லோரும் பயத்துடன்தான் பார்ப்போம். முதல் 72 மணி நேரத்துக்குள், அரை மணி நேரத்துக்கு மேல், உடல் முழுவதும் இடைவிடாமல் வந்தால் அது மிக மோசமான அறிகுறி.

அன்று பணியில் இருந்த செவிலியர் ஒன்றைக் கவனித்துத் தாளில் எழுதியிருந்தார்: "சளி உறிஞ்சும்போதும், பெயர் சொல்லிக் கூப்பிடும்போதும், படுக்கையை நகர்த்தும்போதும் வருகிறது. யாரும் தொடாவிட்டால் சில நிமிடங்களில் அடங்குகிறது." அதாவது இடைவிடாதது அல்ல, தூண்டினால் வருவது. இந்த இரண்டு வரிகள் இல்லாவிட்டால், இரவுப் பணி மருத்துவரின் குறிப்பில் அது "தொடர் துள்ளல்" என்று பதிவாகியிருக்கலாம். அதன் பிறகு அந்தச் சொல்லை யாராலும் அழித்திருக்க முடியாது.

மாலையில் நரம்பியல் மருத்துவர், மூளையின் மின்னலைகளைப் பதியும் கையடக்க ஈஈஜி கருவியுடன் வந்தார். மூளையின் மின்னலைகள் மெதுவாக இருந்தன, ஆனால் அறுபடவில்லை. டெக்னீஷியன் காதருகே கைதட்டியதும் அலைகளின் வேகம் மாறியது. துள்ளல் வரும்போதெல்லாம் தலையின் நடுக்கோட்டில் கூர்மையான ஒரு முனை தெரிந்தது. மோசமான வகையில் அடித்தள அலை அடங்கிப்போயிருக்கும்; இடையிடையே வெடிப்புகள் மட்டும் வரும். இது அப்படி இல்லை. 1963இல் ஜேம்ஸ் லான்ஸும் ரேமண்ட் ஆடம்ஸும் நான்கு நோயாளிகளிடம் விவரித்த துள்ளல் வகையை நரம்பியல் மருத்துவர் நினைவுபடுத்தினார். அது பிழைத்து விழித்தவர்களிடம் நீடிக்கும் துள்ளல். "இப்ப எதையும் உறுதியா சொல்ல முடியாது. ஆனா இதை வெச்சுக் கைவிடக் கூடாது" என்றார்.

துள்ளலை அடக்க, வலிப்பு மருந்தான லெவிடிராசிட்டம் சிறுநீரகத்துக்கு ஏற்ற அளவில் தொடங்கப்பட்டது. இரவு எட்டு மணியோடு மிடசோலமும் ஃபென்டனிலும் முழுவதுமாக நிறுத்தப்பட்டன.

மூன்றாம் நாள்: ஆய்வகத் தாள்

48 மணி நேரம் முடிந்த காலையில் என்எஸ்இ பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கப்பட்டது. என்எஸ்இ நரம்புச் செல்களுக்குள் சர்க்கரையை உடைக்கும் ஒரு நொதி. செல் சிதைந்தால் அது ரத்தத்தில் கசியும். எவ்வளவு கசிந்தது என்று அளந்தால் எவ்வளவு சிதைந்தது என்று ஊகிக்கலாம் என்பதே இதன் அடிப்படை. எங்கள் ஆய்வகத்தில் இந்தச் சோதனை இல்லை. வெளியூருக்கு அனுப்ப வேண்டும்.

இரவு ஒன்பது மணிக்கு அறிக்கை வந்தது. ஐசியூவுக்கு வரும் முன்பே குடும்பத்தினரின் வாட்ஸ்அப்புக்கு வந்துவிட்டது, ஏனென்றால் பணம் கட்டியவரின் எண்ணுக்குத்தான் அனுப்புவார்கள். "88" என்று தடித்த எழுத்தில் இருந்தது. பக்கத்தில் இயல்பளவு 16.3 வரை என்றும் இருந்தது. இயல்பைவிட ஐந்து மடங்குக்கும் மேல். குடும்பத்தினர் அதை வெளிநாட்டில் இருக்கும் உறவுக்கார மருத்துவர் ஒருவருக்கு அனுப்பினார்கள். 60ஐத் தாண்டினால் நம்பிக்கை இல்லை என்று அவர் பதில் எழுதினார்.

அவர் சொன்னதில் பாதி சரி. ஐரோப்பிய மறுஉயிர்ப்பு மன்றமும் ஐரோப்பியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கமும் 2021இல் வெளியிட்ட வழிகாட்டியில், 48 அல்லது 72 மணி நேரத்தில் என்எஸ்இ லிட்டருக்கு 60 மைக்ரோகிராமுக்கு மேல் இருப்பது மோசமான அறிகுறிகளில் ஒன்று. மீதிப் பாதியும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. 72 மணி நேரத்துக்குப் பிறகும், மருந்து மயக்கம் இல்லை என்று உறுதிசெய்த பிறகும், வலிக்குக் கை இயல்பற்று மடங்குவதற்கு மேல் அசைவு இல்லாதவர்களிடம் மட்டுமே இந்தக் கணக்கைத் தொடங்க வேண்டும். ஆறு அறிகுறிகளில் குறைந்தது இரண்டு ஒத்துப்போக வேண்டும்: கண்பாவையும் கருவிழியும் எதிர்வினை காட்டாதது, மணிக்கட்டு நரம்பைத் தூண்டினால் மூளைப்புறணியில் இரு பக்கமும் அலை எழாதது, மிக மோசமான ஈஈஜி, என்எஸ்இ, தொடர் துள்ளல், ஸ்கேனில் பரவலான சேதம்.

இவருடைய நிலையை அந்த இரவில் யாராவது தாளை மட்டும் வைத்துப் படித்திருந்தால், துள்ளல் ஒன்று, என்எஸ்இ ஒன்று, ஆக இரண்டு என்று எண்ணியிருப்பார்கள். ஆபத்து எவ்வளவு அருகில் இருந்தது என்பது இதிலிருந்து புரியும்.

அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், சிறிய எழுத்தில், "மாதிரியில் சிவப்பணு உடைவு காணப்படுகிறது" என்று ஒரு வரி இருந்தது. வாட்ஸ்அப்பில் போனது முதல் பக்கம் மட்டும். சிவப்பணுக்களுக்குள்ளும் என்எஸ்இ உண்டு. ரத்தம் எடுக்கும்போதோ கொண்டுபோகும்போதோ அவை உடைந்தால், மூளையிலிருந்து ஒரு துளிகூடக் கசியாவிட்டாலும் எண் ஏறும். எங்கள் ஆய்வக ஊழியரை அழைத்து விசாரித்தோம். கை வீங்கியிருந்ததால் சிறிய ஊசியில், பலமாக இழுத்து எடுத்திருந்தார்கள்; சிரிஞ்சிலிருந்து குப்பிக்குள் அழுத்திப் பீய்ச்சியிருந்தார்கள்; சுழற்றிப் பிரிப்பதற்கு மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. பிரித்த சீரம் என்ன நிறத்தில் இருந்தது என்று கேட்டேன். வைக்கோல் மஞ்சளாக இருக்க வேண்டியது ரோஸ் மில்க் நிறத்தில் இருந்ததாகச் சொன்னார்.

16.3 என்ற இயல்பளவு ஏன் அச்சாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நம் ஊர் ஆய்வகங்களில் என்எஸ்இ பெரும்பாலும் சில வகை நுரையீரல் புற்றுநோய்க்கும் நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளுக்கும் பார்க்கப்படும் சோதனை. அந்த எல்லை அதற்கானது. இதயம் நின்றவர்களில் நன்றாக விழித்து வீடு திரும்பியவர்களிடமும் 16ஐத் தாண்டிய எண்கள் சாதாரணமாகக் காணப்படும். எல்லை எது என்பதே காலத்தோடு மாறியிருக்கிறது: 2006இல் அமெரிக்க நரம்பியல் கழகத்தின் பரிந்துரையில் அது 33ஆக இருந்தது. 33ஐத் தாண்டியும் நல்லபடியாக மீண்டவர்கள் பின்னாளைய ஆய்வுகளில் இருந்ததால் அந்த எண் கைவிடப்பட்டது.

என்எஸ்இ போல ரத்தத்தில் அளக்கும் ஒவ்வொரு உயிர்க்குறிப்பானும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். தலையில் அடிபட்டவர்களுக்கென்று 2018 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த, ஜிஎஃப்ஏபி, யுசிஎச்-எல்1 என்ற இரண்டு புரதங்களை அளக்கும் ரத்தச் சோதனையைப் பற்றி நோயாளியின் மகன் இணையத்தில் படித்துவிட்டு வந்து, அதைச் செய்யலாமா என்று கேட்டார். அந்தச் சோதனை லேசான தலைக்காயத்துடன் நினைவோடு வருபவருக்கு சிடி தேவையா இல்லையா என்று தீர்மானிப்பதற்காக வந்தது. ஆக்சிஜன் இல்லாமல் மயங்கிக் கிடப்பவர் எழுவாரா என்று கேட்க அது அனுமதிக்கப்படவில்லை. படித்துவிட்டு வந்து கேட்ட அந்தப் பையனை நான் பாராட்டினேன். விளக்கியதும் புரிந்துகொண்டார்.

அன்றிரவு குடும்பத்துடன் பேசியது

பத்தரை மணிக்கு மனைவி, அண்ணன், மகன் மூவரையும் உட்காரவைத்துப் பேசினோம். அண்ணன்தான் தொடங்கினார். "டாக்டருங்க, மறைக்காம சொல்லுங்க. மூளை போயிருச்சுன்னா மெஷின்ல வெச்சு என்ன பண்றதுங்க? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறோமுங்க. கடைசி மூச்சு வீட்ல போகட்டும்."

இந்த வேண்டுகோளை நம் ஊர் ஐசியூக்களில் வேலை செய்பவர்கள் எல்லோரும் கேட்டிருப்போம். அதில் அன்பும் இருக்கிறது, களைப்பும் இருக்கிறது, கடனும் இருக்கிறது. ஸ்டென்ட் செலவு காப்பீட்டில் போயிருந்தாலும், நாளுக்கு நாள் ஏறும் ஐசியூ செலவுக்காக நகையை அடகு வைத்திருந்தார்கள். அதை அவர்கள் சொல்லவில்லை. வெளியே இருந்த காவலாளி சொன்னார். உயிர்காக்கும் சிகிச்சையை விலக்குவதற்கு உச்ச நீதிமன்றம் 2018இல் வகுத்து 2023இல் எளிமைப்படுத்திய நடைமுறை இருக்கிறது; இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்க்க வேண்டும். கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அழைத்துப்போவதற்கு எந்தக் குழுவும் தேவைப்படுவதில்லை. அதனால்தான் முதல் நான்கு நாட்களில் நாம் சொல்லும் ஒரு சொல் இவ்வளவு கனமாக இருக்கிறது. பிழைக்க மாட்டார் என்று சொன்னால் அழைத்துப் போவார்கள். அழைத்துப் போனால் இறந்துவிடுவார். சொன்னது சரிதான் என்று ஆகிவிடும். அந்தக் கணிப்பு தவறு என்று யாருக்கும் தெரியவே வராது.

மனைவி கேட்டது வேறு. "தறி ஓட்டுவாரான்னு கேக்கலீங்க. எங்களை ஆளு தெரியுமா, அது மட்டும் சொல்லுங்க."

தெரியாது என்று சொன்னோம். தெரியாததற்கான காரணங்களையும் சொன்னோம்: அறிக்கை நம்ப முடியாதது, மருந்து இன்னும் உடலில் இருக்கிறது, ஈஈஜி நம்பிக்கை தருகிறது, இன்னும் செய்ய வேண்டியவை இரண்டு உண்டு. காத்திருப்பதற்கு எல்லை இல்லாமல் விடவில்லை. ஆறாம் நாள் மாலை ஐந்து மணிக்கு மறுபடி இதே அறையில் உட்காருவோம், அதுவரை சிகிச்சையில் எதையும் குறைக்க வேண்டாம், தேவைப்பட்டால் டயாலிசிஸும் செய்வோம் என்று தீர்மானித்தோம். நாள் குறித்ததும் அண்ணனின் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. "அப்ப சரிங்க" என்றார். மூன்று நாள் தாங்க முடியும் என்று அவரால் கணக்கிட முடிந்தது.

நான்காம் நாள்: 72 மணி நேரம்

காலையில் மருத்துவப் பரிசோதனை. வலி கொடுத்தால் கைகள் முதல் நாள்போல் நீளவில்லை, இயல்பற்று மடங்கின. நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ அளவையில் அசைவுக்கு 6க்கு 3. வழிகாட்டியின்படி கணிப்புக் கணக்குக்குள் நுழையும் எல்லையில் அவர் இருந்தார். ஆனால் கண்பாவைகள் இப்போது சுறுசுறுப்பாகச் சுருங்கின. கருவிழியைப் பஞ்சு நுனியால் தொட்டால் இரு கண்ணும் இமைத்தன. கிரியாட்டினின் 3.1. மயக்க மருந்து வெளியேறிவிட்டது என்று யாராலும் சொல்ல முடியாத நிலை.

இரண்டாவது என்எஸ்இ மாதிரியை ஆய்வக மேற்பார்வையாளரே வந்து எடுத்தார். மறு கையில், பெரிய ரத்தநாளத்தில், வெற்றிடக் குப்பியிலேயே நேரடியாக. அரை மணி நேரத்துக்குள் சுழற்றப்பட்டது. சீரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோம்: மஞ்சள். ஐஸ் பெட்டியில் அனுப்பினோம். மாலையில் எண் வந்தது: 23.

இங்கே ஒரு கணக்கு உதவியது. என்எஸ்இ ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 24 மணி நேரமாவது ஆகும். 48ஆம் மணி நேரத்தில் இருந்தது உண்மையாகவே மூளையிலிருந்து வந்த 88 என்றால், புதிதாக ஒரு துளிகூடக் கசியாவிட்டாலும் 72ஆம் மணி நேரத்தில் 44க்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். 23க்கு இறங்க வழியில்லை. பின்னோக்கிப் போட்டால், முந்தைய நாளின் உண்மையான அளவு 46ஐத் தாண்டியிருக்காது. அதாவது 60க்குக் கீழே. சிவப்பணு உடைவைப் பற்றிய அந்தச் சிறிய எழுத்து வரி இல்லாமல் இருந்திருந்தாலும், இரண்டாவது மாதிரி முதலாவதைப் பொய் என்று காட்டியிருக்கும். ஒற்றை மாதிரியால் அதைச் செய்ய முடியாது.

ஐந்தாம் நாள்: எம்ஆர்ஐ

ஆக்சிஜன் இல்லாத சேதத்தை எம்ஆர்ஐயில் டிஃப்யூஷன் படங்கள் நன்றாகக் காட்டும் காலம் இரண்டாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை. ஸ்கேன் மையத்தில் முதலில் மறுத்துவிட்டார்கள்: ஸ்டென்ட் வைத்து நான்கு நாள்தான் ஆகிறது, ஆறு வாரம் போகட்டும் என்றார்கள். இந்தத் தயக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. இதயக் குழாய் ஸ்டென்ட் வைத்த எந்த நாளிலும் 3 டெஸ்லா வரையிலான எம்ஆர்ஐ எடுக்கலாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2007இலேயே சொல்லியிருக்கிறது. இதய மருத்துவர் ஸ்டென்டின் விவர அட்டையுடன் எழுத்தில் கொடுத்த பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

காந்த அறைக்குள் எடுத்துச் செல்லக்கூடிய வென்டிலேட்டர் அங்கே இல்லை. மயக்கவியல் மருத்துவர் அறைக்குள்ளேயே நின்று, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, ஸ்கேன் முடியும்வரை, கையால் அழுத்திச் சுவாசம் கொடுக்கும் ஆம்பு பையை அழுத்தினார். துள்ளல் வந்தால் படம் கலங்கும் என்பதால் குறைந்த அளவு புரொபோஃபால் என்ற மயக்க மருந்து மட்டும்.

முதல் அறிக்கையில் "ஆக்சிஜன் குறைவால் ஏற்பட்ட மூளைச் சேதத்தின் அடையாளங்கள் உள்ளன" என்று ஒரே வரி. இது உண்மைதான், ஆனால் பயன்படாத உண்மை. இப்படி எழுதினால் எல்லாம் போனது போலவே வாசிக்கப்படும். எங்கே, எவ்வளவு, எங்கே இல்லை என்று விரித்து எழுதித் தருமாறு கதிரியக்க மருத்துவரிடம் கேட்டோம். அவர் படங்களை மறுபடி எங்களுடன் உட்கார்ந்து பார்த்தார். இரு பக்க ஹிப்போகாம்பஸிலும் சேதத்தைக் காட்டும் மங்கலான வெளுப்பு. தலையின் பின்பகுதிப் புறணியில் வலப்பக்கம் மெல்லிய ஒரு கோடு. மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள முடிச்சுகள், தாலமஸ், மூளைத்தண்டு, முன்பகுதிப் புறணி எல்லாம் தெளிவு.

பரவலான சேதம் இல்லை. எனவே ஆறு அறிகுறிகளில் எதுவுமே உறுதியாக நிற்கவில்லை. அதே நேரத்தில் ஹிப்போகாம்பஸ் புதிய நினைவுகளைப் பதியும் இடம். ஆக்சிஜன் குறைவை மிகக் குறைவாகத் தாங்கும் பகுதிகளில் ஒன்று. அவர் விழித்தால் நினைவாற்றலில் குறை இருக்கும் என்று அன்றே எழுதி வைத்தோம்.

மணிக்கட்டு நரம்பைத் தூண்டிப் பார்க்கும் சோதனை எங்கள் ஊரில் அப்போது இல்லை. அதற்காக வென்டிலேட்டருடன் இரண்டு மணி நேரப் பயணம் செய்வது தேவையற்ற ஆபத்து என்று விட்டுவிட்டோம். மோசமான அறிகுறி ஒன்றாவது உறுதியாக இருந்திருந்தால் இந்த முடிவு மாறியிருக்கும்.

விழிப்பு

ஆறாம் நாள் மாலைக் கூட்டத்தில் எம்ஆர்ஐ படத்தைக் கணினித் திரையில் காட்டி விளக்கினோம். விழிக்க வாய்ப்பு இருக்கிறது, எப்போது என்று தெரியாது, விழித்தால் மறதி இருக்கலாம் என்று சொன்னோம். கிரியாட்டினின் இறங்கத் தொடங்கியிருந்தது; டயாலிசிஸ் தேவைப்படவில்லை. குடும்பம் தொடரச் சம்மதித்தது.

ஏழாம் நாள் காலை, வாயைத் துடைத்துக்கொண்டிருந்த செவிலியரின் குரலுக்குக் கண் திறந்தார். அன்று மதியம் கட்டைவிரலைத் தூக்கச் சொன்னதும் தூக்கினார். கை வெட்டி இழுத்தது, ஆனால் தூக்கினார். பத்தாம் நாள் சுவாசக் குழாய் எடுக்கப்பட்டது. அடுத்த சில நாட்கள் குழப்பத்தில் ஊசிகளைப் பிடுங்கினார், தறி நின்றுவிட்டது என்று கத்தினார். மனைவியைப் பெயர் சொல்லி அழைத்தார். தான் எங்கே இருக்கிறோம் என்று ஒரு மணி நேரத்தில் பலமுறை கேட்டார். இருபத்தோராம் நாள் பிறர் துணையுடன் நடந்து வீட்டுக்குப் போனார்.

ஆறு மாதங்கள்

நினைவாற்றலையும் சிந்தனைத் திறனையும் அளக்கும் மோகா தேர்வைத் தமிழில் மூன்றாம் மாதம் வைத்தபோது 30க்கு 21. ஐந்து சொற்களைச் சொல்லிச் சில நிமிடம் கழித்துக் கேட்டபோது ஒன்றுகூட நினைவில்லை. பழைய விஷயங்கள் அனைத்தும் நினைவில் இருந்தன. கல்யாணத்தில் யார் யார் என்ன மொய் வைத்தார்கள் என்றுகூடச் சொன்னார். டம்ளரை எடுக்கப் போகும்போது கை துள்ளி டீ சிந்தியது. லெவிடிராசிட்டத்துடன் குளோனசபாம் சேர்த்த பிறகு அது குறைந்தது.

ஆறாம் மாதம் 24. ஐந்து சொற்களில் இரண்டைச் சொன்னார். ஓடும் தறிக்குப் பக்கத்தில் துள்ளும் கையுடன் நிற்பது ஆபத்து என்பதால் முதலாளி அவருக்கு நூல் சுற்றும் வேலை கொடுத்தார். கணக்கு வழக்கை மனைவி ஏற்றுக்கொண்டார். ஆய்வுகளில் பயன்படும் சிபிசி என்ற ஐந்து படி அளவையில் இவர் இரண்டாம் படி, அதாவது "நல்ல விளைவு". அந்த ஒரு சொல்லுக்குள் அடுப்பில் பால் வைத்ததை மறப்பதும், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதும், மனைவியின் கூடுதல் சுமையும் அடங்கியிருக்கின்றன. எண்ணை மட்டும் சொல்லிக் குடும்பத்தை அனுப்பக் கூடாது என்று நான் கருதுவது இதனால்தான்.

அதன் பிறகு மாற்றியவை

என்எஸ்இ மாதிரி இப்போது 24, 48, 72 மணி நேரங்களில் மூன்று முறை எடுக்கப்படுகிறது. எண்ணைவிட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கிறோம். புதிதாகக் குத்திய ரத்தநாளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் சுழற்ற வேண்டும், சிவந்த சீரத்தை அனுப்பாமல் மறுபடி எடுக்க வேண்டும். வெளியூர் ஆய்வகத்திடம் பேசி, சிவப்பணு உடைவின் அளவை எண்ணாக, முதல் பக்கத்திலேயே, முடிவுக்குப் பக்கத்தில் அச்சிடச் செய்தோம். விண்ணப்பத்தில் "இதயம் நின்ற பின் மூளைக் கணிப்புக்காக" என்று எழுதுகிறோம்; அறிக்கை முதலில் ஐசியூவுக்கு வருகிறது.

துள்ளல் வந்த எல்லோருக்கும் அன்றே ஈஈஜி எடுக்கப்படுகிறது. எப்போது வருகிறது, எவ்வளவு நேரம், தொட்டால் வருகிறதா என்று செவிலியர்கள் நிரப்ப ஒரு தாள் வைத்திருக்கிறோம். நரம்பியல் பிரிவில் கைகால் நரம்புகளைச் சோதிக்க வைத்திருந்த கருவியிலேயே மணிக்கட்டுத் தூண்டல் சோதனையையும் செய்ய முடியும் என்பதால், டெக்னீஷியன் ஒருவர் பயிற்சி எடுத்து வந்திருக்கிறார். ஐசியூவின் மின் இரைச்சலில் தெளிவான அலை கிடைப்பது இன்னும் சிரமமாகத்தான் இருக்கிறது.

சிறுநீரகம் சுணங்கியிருந்தால் 72 மணி நேரம் என்ற எல்லையைத் தள்ளிவைக்கிறோம். மிடசோலத்துக்குப் பதிலாக, சீக்கிரம் வெளியேறும் புரொபோஃபாலைத் தேர்ந்தெடுக்கிறோம், ரத்த அழுத்தம் தாங்கினால்.

நியூரோஃபிலமென்ட் என்ற மற்றொரு குறிப்பான் என்எஸ்இயைவிடச் சிறப்பாகக் கணிக்கிறது என்று டிடிஎம்-2க்கு முந்தைய டிடிஎம் ஆய்வின் மாதிரிகளை வைத்து 2019இல் காட்டப்பட்டது. எங்களுக்கு எட்டும் ஆய்வகங்களில் அது அன்றாடச் சோதனையாக இல்லை. அதைவிட அவசரமாகத் தேவைப்படுவது நினைவாற்றல் குறைந்தவர்களுக்கான மறுவாழ்வுப் பயிற்சி. எம்ஆர்ஐயில் ஹிப்போகாம்பஸ் வெளுத்திருப்பவர்களை இப்போது வீட்டுக்கு அனுப்பும் முன்பே மோகா தேர்வு வைத்து, துணைவரை உட்காரவைத்து, மாத்திரை டப்பா, சுவர்க் காலண்டர், அலாரம் ஆகியவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டி அனுப்புகிறோம். முறையான பயிற்சிக்கு இன்னும் பெருநகரத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. இவருடைய குடும்பத்தால் இரண்டு முறைக்கு மேல் போக முடியவில்லை.